விபத்துக்குப் பின் வகுப்புக்குத் திரும்பும் குழந்தை

(தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் உளவியல் ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு வரும் அமர்வு. கண்கள் சொருகும் நேரம். ஆகவே சுற்றி வளைக்காமல் நேராகச் செய்திக்கு வருகிறேன்.

இப்படி ஒரு சூழலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பத்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது கார் புளியமரத்தில் மோதிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பதினோராம் நாள் கையில் மாவுக்கட்டோடு வருகிறான். கட்டைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. "நீ எழுத வேண்டாம்ப்பா, கேட்டுக்கிட்டு இரு" என்கிறோம். அவன் பையை நண்பன் தூக்கி வருகிறான். சில வாரங்களில் கட்டைப் பிரிக்கிறார்கள். சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைகிறோம்.

ஆனால் சாலையில் லாரி ஒலிப்பான் கேட்டால் அவனுக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. முன்பு கணக்கில் சுட்டி, இப்போது கரும்பலகையைப் பார்த்தபடி எங்கோ இருக்கிறான். வீட்டில் இரவு விளக்கை அணைக்க விடுவதில்லை. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு நண்பனை அடித்துவிடுகிறான். நாம் என்ன சொல்கிறோம்? "லீவு போட்டுப் போட்டுப் பழகிட்டான். படிப்புல நாட்டம் போச்சு."

கட்டுப் போட முடியாத அந்தக் காயத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இது எங்கோ நடப்பதில்லை. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது: 64,105 விபத்துகள். இந்த ஒவ்வொரு விபத்திலும் வண்டிக்குள் யார் இருந்தார்கள், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலர் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த உரையிலிருந்து ஒரே ஒரு கருத்தை நீங்கள் எடுத்துச் சென்றால் போதும். விபத்தைச் சந்தித்த குழந்தைக்கு உலகம் எந்த நொடியும் தலைகீழாகலாம் என்று ஆகிவிட்டது. அதற்கு முதலில் தேவைப்படுவது, அடுத்து என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்த ஒரு நாள். அதைக் கொடுப்பதில் பள்ளிக்கூடத்தை மிஞ்சிய இடம் வேறில்லை. நாம் செய்ய வேண்டிய மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

துணிச்சலானவருக்கும் வரும்

1865ஆம் ஆண்டு ஜூன் 9 அன்று இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற ஊருக்கு அருகே ஒரு ரயில் பாலத்தில் தடம் புரண்டது. பத்துப் பேர் இறந்தார்கள். அந்த ரயிலில் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் இருந்தார். அவர் பதறவில்லை. பெட்டியிலிருந்து வெளியேறி, காயம்பட்டவர்களுக்குத் தன் தொப்பியில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பெட்டியில் விட்டுவந்த நாவலின் கைப்பிரதியைக்கூடத் திரும்பப் போய் எடுத்து வந்தார். உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை.

அடுத்த நாட்களில்தான் நடுக்கம் வந்தது. அதன் பிறகு வேகமாகப் போகும் ரயில்களில் அவரால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. எத்தனையோ பயணங்கள் செய்தார். ஆனாலும் அந்தப் பயம் அவரை விட்டு முழுதாகப் போகவில்லை. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1870ஆம் ஆண்டு அதே ஜூன் 9 அன்று இறந்தார்.

அக்கால மருத்துவர்களுக்கு இது புதிராக இருந்தது. ஜான் எரிக் எரிக்சன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1866இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ரயில் விபத்தின் அதிர்ச்சியில் தண்டுவடம் பாதிக்கப்படுவதால் இப்படி ஆகிறது என்று கருதினார். வேறு சிலர், இழப்பீட்டுக்காக நடிக்கிறார்கள் என்றார்கள். இது மனதில் ஏற்படும் உண்மையான காயம் என்பதை ஏற்றுக்கொள்ள நூறாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்' என்ற பெயரோடு இது இடம்பெற்றது 1980இல்தான்.

இதை ஏன் சொல்கிறேன்? "விபத்து நடந்த அன்னிக்கு அவன் அழவே இல்லை சார், ரொம்ப தைரியமா இருந்தான்" என்று பெற்றோர் சொல்வார்கள். அன்று தைரியமாக இருந்ததை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. உடம்பில் கீறல்கூட இல்லை என்பதை வைத்தும் முடிவுசெய்ய முடியாது. குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் காட்டுவது இதுதான்: காயம் எவ்வளவு பெரிது என்பதைவிட, 'நான் செத்துவிடுவேன்' என்று அந்த நொடியில் குழந்தை நினைத்ததா, பெற்றோர் பின்னர் எந்த மனநிலையில் இருக்கிறார்கள் என்பவை முக்கியம். எலும்பு முறிந்த அண்ணன் நன்றாக இருப்பான். பின் இருக்கையில் ஒன்றும் ஆகாமல் தப்பிய தங்கை தூங்க மாட்டாள்.

அந்த நினைவு ஏன் பழசாவதில்லை?

தேர்வு முடிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? விடைத்தாள்களைப் பதிவெண் வரிசையில் அடுக்குகிறோம், கட்டுகிறோம், தேதி எழுதி உறையிலிட்டு ஒட்டுகிறோம். அதன் பிறகு அது 'முடிந்த தேர்வு'. சாதாரண நினைவுகளை மூளை இப்படித்தான் தேதி போட்டு அடுக்கி வைக்கிறது. போன வருடத் திருவிழாவை நினைத்தால் அது போன வருடம் நடந்தது என்பதும் கூடவே தெரிகிறது.

உயிருக்கு ஆபத்து என்று மூளை உணரும் நொடியில் இந்த அடுக்கும் வேலை தடைபடுகிறது. சத்தம், கண்ணாடி நொறுங்கியது, பெட்ரோல் வாசனை, அம்மாவின் அலறல் எல்லாம் கட்டப்படாத தாள்களாகச் சிதறிக் கிடக்கின்றன. தேதி இல்லை, வரிசை இல்லை. காற்று அடித்தால் ஒரு தாள் பறந்து வந்து முகத்தில் விழுகிறது. பெட்ரோல் வாசனை ஒரு காற்று. திடீரென்று பெஞ்சு சாயும் சத்தம் ஒரு காற்று. அந்த நேரத்தில் குழந்தை விபத்தை 'நினைத்துப் பார்ப்பதில்லை'. அதன் உடம்புக்கு விபத்து இப்போது நடக்கிறது. இதயம் படபடக்கிறது, கை வியர்க்கிறது, ஓடத் தோன்றுகிறது.

இது பிடிவாதமோ நடிப்போ இல்லை என்பது புரிந்துவிட்டால் நம் குரல் தானாக மாறிவிடும்.

வகுப்பில் எப்படித் தெரியும்?

தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் சொல்லத் தெரியாமல் செய்து காட்டுவார்கள். பொம்மைக் கார்களை மோதவிட்டு மோதவிட்டு விளையாடுவார்கள்; அந்த விளையாட்டில் மகிழ்ச்சி இருக்காது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைவார்கள். எப்போதோ நின்றுபோன படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் திரும்பி வரும். அம்மாவின் புடவையை விட மாட்டார்கள். காலையில் வயிற்று வலி என்பார்கள். மருத்துவர் பார்த்தால் வயிற்றில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் வலி உண்மைதான்.

மேல் வகுப்பு மாணவர்கள் மறைப்பார்கள். எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், மதிப்பெண் சரிவு, நண்பர்களிடமிருந்து விலகல் என்று தெரியும். "படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று எதிர்காலமே இல்லாததுபோலப் பேசுவார்கள். சிலர் நேர்மாறாக, இருசக்கர வாகனத்தைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவார்கள். விபத்து நடந்த சாலை வழியாக வராமல் மூன்று கிலோமீட்டர் சுற்றி வந்து, தினமும் தாமதமாக நிற்பார்கள்.

இரண்டு வயதினரிடமும் ஒளிந்திருப்பது குற்ற உணர்ச்சி. "நான்தான் கரும்பு ஜூஸ் கேட்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தாம இருந்தா அந்த லாரி வந்திருக்காது." பெரியவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். குழந்தை அதை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் சுமக்கும். ஒரு நாள் அது வாய்விட்டு வந்தால், "சீ, அதெல்லாம் நினைக்காதே" என்று வாயை அடைக்காதீர்கள். முழுதாகக் கேட்டுவிட்டு, "ஜூஸ் கேட்டதால யாருக்கும் விபத்து நடக்காது கண்ணு. அது உன் தப்பில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தலையில் அடிபட்ட குழந்தைக்கும் மறதி, எரிச்சல், கவனமின்மை வரும். தலைவலி, வாந்தி, தலைசுற்றல், பார்வை மங்கல், அளவுக்கு மீறிய தூக்கம் இருந்தால் அதை மனப் பிரச்சினை என்று முடிவுகட்டாமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

முதல் ஒரு மாதம்

விபத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் இந்த அறிகுறிகள் வருவது இயல்பு. சிதறிய தாள்களை மூளை தானே அடுக்கிக்கொண்டிருக்கும் காலம் அது. பெரும்பாலான குழந்தைகள், அன்பும் ஒழுங்கும் உள்ள சூழல் கிடைத்தால், தாமாகவே மீண்டுவிடுகிறார்கள். ஆகவே பதற வேண்டாம். பெயர் வைத்து முத்திரை குத்தவும் வேண்டாம். ஆனால் கவனித்துக்கொண்டே இருங்கள். வாரம் ஒருமுறை ஒரு வரி குறித்து வைத்தால் போதும்: தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், பாடம்.

ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சாகப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாப்பாட்டையே நிறுத்தினாலோ ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றே அனுப்ப வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசி 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது; இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இதற்கென்றே வகுக்கப்பட்ட பேச்சு சிகிச்சை குழந்தைகளுக்கு நல்ல பலன் தருகிறது. "மாத்திரை கொடுத்துத் தூங்க வெச்சிடுவாங்க" என்ற பயம் பெற்றோருக்கு இருந்தால் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

கதை கேட்க வேண்டாம்

நல்ல மனதோடு நாம் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை திரும்பி வந்ததும் ஆசிரியர் அறைக்கு அழைத்து, "என்னாச்சு, முதல்லேருந்து சொல்லு, மனசுல இருக்கறதைக் கொட்டிடு" என்கிறோம். கொட்டிவிட்டால் லேசாகிவிடும் என்பது நம் நம்பிக்கை.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் சாலை விபத்தில் காயமடைந்து மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களை இரண்டு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினரை விபத்து நடந்த உடனே, ஒரே அமர்வில், நடந்ததையும் உணர்ந்ததையும் விரிவாகப் பேச வைத்தார்கள். மற்றவர்களுக்கு அது இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்து, முடிவை 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். தொடக்கத்தில் அதிக மனத்துயரில் இருந்தவர்களில், பேச வைக்கப்படாதவர்கள் தேறியிருந்தார்கள். பேச வைக்கப்பட்டவர்கள் தேறாமலே இருந்தார்கள். இன்று உலகளவிலான வழிகாட்டிகள் இப்படி உடனே கிளறிப் பேச வைப்பதைப் பரிந்துரைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே சொற்களில் வேலையைச் சொல்கிறது: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார்ப்பது. அவர்களாகப் பேசினால் காது கொடுத்துக் கேட்பது. தேவையான உதவியோடு இணைத்து வைப்பது. தோண்டித் துருவுவது இந்தப் பட்டியலில் இல்லை.

"நீ வந்தது எங்களுக்குச் சந்தோஷம். எப்ப பேசணும்னு தோணினாலும் நான் இருக்கேன். பேசணும்னு கட்டாயம் இல்லை." இந்த மூன்று வாக்கியங்கள் போதும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

முதலில், வருவதற்கு முன்பே வகுப்பைத் தயார்செய்யுங்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, ஆர்வம் அவர்களுக்கு. "ரத்தம் வந்துச்சா? கார் எத்தனை தடவை உருண்டுச்சு?" என்று சூழ்ந்துகொள்வார்கள். அவன் வருவதற்கு முதல் நாள் இரண்டு நிமிடம் பேசுங்கள்: விபத்தைப் பற்றி அவனாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள், நோட்டு கொடுங்கள், விளையாடக் கூப்பிடுங்கள். விபத்தின் காணொளி ஊர் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தால், அதை யாரும் பகிரவோ அவனிடம் காட்டவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

காலை வணக்கக் கூட்டத்தில் அவனை மேடைக்கு அழைத்து 'மறுபிறவி எடுத்து வந்தவன்' என்று கைதட்ட வைக்காதீர்கள். மற்ற பிள்ளைகளைப்போல வரிசையில் நிற்கட்டும்.

நாளின் ஒழுங்கைச் சொல்லிவிடுங்கள். முதல் பாடவேளை தமிழ், அடுத்து கணக்கு, இடைவேளைக்குப் பிறகு அறிவியல். மாற்றம் இருந்தால் முன்பே சொல்லுங்கள்: "பதினோரு மணிக்குத் தீயணைப்பு ஒத்திகை இருக்கு, சைரன் சத்தம் வரும், ரெண்டு நிமிஷத்துல நின்னுடும்." எதிர்பாராத சத்தம்தான் அவனை உலுக்கும், எதிர்பார்த்த சத்தத்தை அவனால் தாங்க முடியும்.

சின்னச் சின்னத் தெரிவுகளைக் கொடுங்கள். விபத்தில் அவன் கையில் எதுவுமே இல்லை. எங்கே உட்காருவது, எந்தக் கேள்வியை முதலில் எழுதுவது, யாரோடு குழு சேருவது என்று அவனே முடிவுசெய்யட்டும். பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தால், சாலை ஓர ஜன்னல் வேண்டுமா வேண்டாமா என்று அவனையே கேளுங்கள்.

ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாமல் போனால் பேனாவை மேசையின் ஓரத்தில் வைக்கட்டும். நீங்கள் தலையசைத்தால் வெளியே போய்த் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, ஐந்து நிமிடத்தில் திரும்பட்டும். இந்த வசதியைக் கொடுத்தால் தினமும் வெளியே போவான் என்று பயப்பட வேண்டாம். போகலாம் என்று தெரிந்தாலே பாதி நாள் போக வேண்டிய தேவை இருக்காது.

வகுப்பிலேயே நடுக்கம் வந்துவிட்டால், கூட்டம் சேர விடாதீர்கள். அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லி, மெல்லிய குரலில் இன்றைய நாளைச் சொல்லுங்கள்: "நீ பள்ளிக்கூடத்துல இருக்க. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. கணக்கு பீரியட். நான் உன் பக்கத்துல இருக்கேன்." இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். தேதி இல்லாத நினைவுக்கு இன்றைய தேதியைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். கேட்காமல் தொடாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள்.

பாடச் சுமையைக் குறையுங்கள், முற்றாக எடுத்துவிடாதீர்கள். பத்துக் கணக்குக்கு நான்கு கொடுங்கள்; அந்த நான்கைத் திருத்திக் கையெழுத்திடுங்கள். "இவனை ஒண்ணும் கேட்காதீங்க" என்று ஒதுக்கி வைத்தால், தான் மற்றவர்களைப்போல இல்லை என்றே அவன் புரிந்துகொள்வான். பொதுத்தேர்வு எழுத இருப்பவரானால், தேர்வுச் சலுகைகளுக்கு மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வரும். பேரணி, ஓவியப் போட்டி, விழிப்புணர்வுக் காணொளி எல்லாம் இருக்கும். நசுங்கிய வண்டி, ரத்தம் தெரியும் படங்களைக் காட்டாதீர்கள். அந்தக் குழந்தையிடம் முன்பே சொல்லி, கலந்துகொள்வதா வேண்டாமா என்று அவனே முடிவெடுக்க விடுங்கள். அவனை உதாரணமாக நிறுத்தாதீர்கள்.

மீண்டும் வண்டியில் ஏறுவது

பயந்ததை விட்டு விலகினால் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும். அதே நிம்மதிதான் பயத்தை வளர்க்கிறது. இன்று கார் வேண்டாம், நாளை பேருந்து வேண்டாம், அடுத்த வாரம் பள்ளியே வேண்டாம் என்று போகும். அதற்காகக் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றுவதும் தவறு. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவது போன்றது அது.

படிப்படியாகப் போக வேண்டும். நிற்கும் வண்டியின் அருகே போவது. கதவு திறந்திருக்க உள்ளே உட்காருவது. தெருமுனை வரை போய் வருவது. நெரிசல் இல்லாத நேரத்தில் சிறு பயணம். பிறகு அந்தச் சாலை. ஒரு படியில் படபடப்பு தணிந்த பிறகே அடுத்த படி. பயம் கடுமையாக இருந்தால் ஆலோசகரின் துணையோடு செய்ய வேண்டும். இது பெரும்பாலும் குடும்பத்தின் வேலை. பள்ளியின் பங்கு, அவசரப்படுத்தாமல் இருப்பதும், கல்விச் சுற்றுலா போன்ற நேரங்களில் எந்த இருக்கை வேண்டும், பக்கத்தில் யார் வேண்டும் என்று கேட்பதும்தான். சுற்றி வந்து தாமதமாகும் மாணவனை வாசலில் நிற்க வைக்காமல், "எந்த வழியா வர்ற?" என்று கேளுங்கள். பதில் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

வீட்டில் ஒருவர் இல்லாமல் போயிருந்தால்

சில குழந்தைகள் அதே விபத்தில் அப்பாவையோ அம்மாவையோ உடன்பிறந்தவரையோ இழந்திருப்பார்கள். அங்கே அதிர்ச்சியும் துக்கமும் பின்னிக் கிடக்கின்றன. "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்ற பொய்யைப் பள்ளியும் சேர்ந்து சொல்லக் கூடாது. வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டறியுங்கள். உண்மையை எளிய சொற்களில் சொல்லப் பெரியவர்களுக்குத் துணைநில்லுங்கள். "அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்று பழக்கத்தில் சொல்லும் வாக்கியத்தை "வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வா" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

உயிரிழந்தது உங்கள் வகுப்பு மாணவரே என்றால், அந்த இடத்தை மறுநாளே வேறொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். எப்போது, எப்படி மாற்றலாம் என்று வகுப்போடு பேசி முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவரின் வருவாய் ஈட்டும் தாய் அல்லது தந்தை விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, 75,000 ரூபாய் நிதியுதவி வழங்கும் திட்டம் நம் துறையில் இருக்கிறது. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். துயரத்தில் இருக்கும் குடும்பம் இதைத் தேடி வராது. நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். 'படிப்பு நின்றுவிடுமோ' என்ற பயம் போவதும் மனக்காயத்துக்கு மருந்துதான்.

பெற்றோரிடம் பேசும்போது

வண்டியை ஓட்டியவர் அப்பாவாக இருக்கலாம். அவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பார். அம்மா அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கலாம். இழப்பீட்டு வழக்கு, காவல் நிலையம், கடன் என்று வீடே கலங்கியிருக்கும். பெற்றோர் தேறினால் குழந்தையும் தேறும், ஆகவே "நீங்க தூங்குறீங்களாம்மா? சாப்பிடுறீங்களா?" என்றும் கேளுங்கள்.

நம் ஊர்களில் குழந்தை பயந்திருந்தால் 'பயந்த கோளாறு' என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். வேப்பிலை அடிப்பார்கள், தர்காவில் ஓதிக் கயிறு கட்டுவார்கள். கேலி செய்யாதீர்கள். 'உன் பயத்தை நாங்கள் நம்புகிறோம்' என்று குடும்பம் சொல்லும் வழி அது. "அதையும் செய்யுங்க; கூடவே ஒரு தடவை மருத்துவரையும் பார்த்துடலாம்" என்று சொன்னால் அவர்கள் கேட்பார்கள். அவர்கள் நம்பிக்கையை இழிவாகப் பேசினால் நம் பேச்சையும் கேட்க மாட்டார்கள்.

நமக்கும் இதே மனம்தான்

இந்த அறையில் பலர் தினமும் இருசக்கர வாகனத்தில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போய் வருகிறீர்கள். விபத்தைச் சந்தித்து, மருத்துவ விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பியவர்களும் இங்கே இருக்கலாம். வண்டிச் சாவியை எடுக்கும்போது கை நடுங்கினால், அந்த வளைவு வரும்போது மூச்சு அடைத்தால், அது உங்கள் பலவீனம் இல்லை. குழந்தைக்குச் சொன்ன எல்லாம் உங்களுக்கும் பொருந்தும்: ஒரு மாதக் கணக்கு, படிப்படியான பயணம், 14416. ஆசிரியர் அறையில் அப்படி ஒருவர் இருந்தால், "இன்னுமா பயம்?" என்று கேட்காதீர்கள். சில நாட்கள் அவரோடு ஒரே பேருந்தில் வாருங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விபத்துக்குப் பின் ஒரு குழந்தை திரும்பி வந்தால் அதன் பொறுப்பாசிரியர் யார் என்று முடிவுசெய்யுங்கள். அந்தக் குழந்தைக்கு மிகவும் பிடித்த ஆசிரியராக அவர் இருப்பது நல்லது. 108, 1098, 14416 என்ற மூன்று எண்களையும், உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இயங்கும் நாட்களையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

நாம் மனநல மருத்துவர்கள் ஆக வேண்டியதில்லை. வழக்கமான நேரத்தில் மணி அடிக்கட்டும். வருகைப் பதிவில் அவன் பெயரை வழக்கமான குரலில் கூப்பிடுங்கள். "உள்ளேன் ஐயா" என்று அவன் சொல்லட்டும். நேற்றும் இன்றும் நாளையும் அது மாறாமல் நடக்கும்போது, உலகம் இன்னும் தன் இடத்தில்தான் இருக்கிறது என்று அந்தக் குழந்தையின் உடம்பு மெல்ல மெல்ல நம்பத் தொடங்கும்.